நிலத்துக்கு நுண்ணூட்டம், நம் பிள்ளைக்கு?

நடவு முடிந்து இருபது நாள் ஆகியிருக்கும். நெல் வயலில் ஆங்காங்கே திட்டுத் திட்டாகப் பயிர் குன்றி நிற்கும். கீழ் இலைகளில் துருப் பிடித்தாற்போல் பழுப்புப் புள்ளிகள் தெரியும். இதைப் பார்த்த விவசாயிக்கு அன்று இரவு தூக்கம் வராது. விடிந்ததும் வேளாண்மை விரிவாக்க மையத்துக்கோ உரக் கடைக்கோ போய் விசாரிப்பார். துத்தநாகக் குறை என்று சொன்னால், கையில் காசு இல்லாவிட்டாலும் கடன் சொல்லியாவது சிங்க் சல்பேட் வாங்கி வந்துவிடுவார்.

நிலக்கடலையும் அப்படித்தான். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் கடலைக் கொழுந்து மஞ்சளாக வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், இரும்புச் சத்து போதவில்லை என்று இன்று பள்ளிக்கூடம் போகாத விவசாயிக்கும் தெரியும். அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளித்துவிட்டு, இலை பச்சை கட்டுகிறதா என்று தினமும் வரப்பில் நின்று பார்ப்பார்.

அதே வீட்டில் ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண் பிள்ளை இருக்கிறாள். முகம் வெளிறி இருக்கிறது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பு இல்லை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பாடம் நடக்கும்போது கண்ணைச் சொருகுகிறது. "மந்தம்", "சோம்பேறி" என்று பள்ளியில் பெயர் வாங்கிவிட்டாள். வீட்டிலும் அதையேதான் சொல்கிறார்கள். பயிரின் வெளிறலைக் கண்டு பதறிய கண்ணுக்குப் பிள்ளையின் வெளிறல் தெரியவில்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பயிரைப் பற்றி நமக்குச் சொல்லித்தர ஆள் இருந்தார்கள். பிள்ளையைப் பற்றிச் சொல்லித்தர அவ்வளவாக ஆள் இல்லை. ஆகவேதான் இந்த விவசாயப் பகுதியில் அதைப் பேச வேண்டியிருக்கிறது.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை அல்ல. 2016-18ல் நாடு முழுவதும் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் பிள்ளைகளின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 100க்கு 24 பேருக்கும், 10 முதல் 19 வயதில் 28 பேருக்கும் ரத்தசோகை இருந்தது. இந்த இரண்டாவது வயதில் பெண் பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் 100க்கு 40 பேர். ஆண் பிள்ளைகளில் 18 பேர். துத்தநாகக் குறை சிறு வயதில் 17 பேருக்கும், வளர்ந்த பிள்ளைகளில் 32 பேருக்கும் இருந்தது. வைட்டமின் ஏ குறை சிறு வயதில் 22 பேருக்கு. கீரையிலும் பயறிலும் கிடைக்கும் போலிக் அமிலம் என்ற சத்தும் பலருக்குப் போதவில்லை.

தமிழ்நாட்டு நிலவரத்தையும் பார்ப்போம். தேசிய குடும்ப நல ஆய்வின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள தமிழகக் குழந்தைகளில் ரத்தசோகை உள்ளவர்கள் 2015-16ல் ஏறத்தாழ 51 சதவீதம். 2019-21ல் அது 57 சதவீதம் ஆயிற்று. அன்று அந்த ஆய்வில் எண்ணப்பட்ட குழந்தைகள்தான் இன்று புத்தகப் பை சுமந்து பள்ளிக்குப் போகிறார்கள்.

வயிறு நிறைந்தும் சத்து நிறையாத இந்த நிலையை மறைந்த பசி என்று சொல்லலாம். நம் மாநிலத்தில் பிள்ளைகளின் பசியைப் போக்க அரசு செய்தது கொஞ்சம் அல்ல. 1956ல் காமராஜர் காலத்தில் மதிய உணவு வந்தது. 1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பிறகு முட்டை வந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. இவற்றால் வயிற்றுப் பசி பெரும்பாலும் தீர்ந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் மறைந்த பசி தீரவில்லை. காரணம் என்ன என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டால் புரியும்.

10 முதல் 12 வயதுப் பெண் பிள்ளைக்கு நாள் ஒன்றுக்கு 28 மில்லிகிராம் இரும்புச் சத்து தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ல் கூறியுள்ளது. நன்கு தீட்டிய வெள்ளை அரிசி 100 கிராமில் இருப்பதோ ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. அந்தப் பிள்ளை நாள் முழுவதும் 400 கிராம் அரிசிச் சோறு சாப்பிட்டாலும் மூன்று மில்லிகிராம் தேறாது. மீதி 25 மில்லிகிராம் குழம்பிலும் கறியிலும் இருந்து வர வேண்டும். அந்தக் குழம்பு வெறும் புளிக் கரைசலாகவும், தொட்டுக்கொள்ள ஊறுகாயாகவும் இருந்தால் எங்கிருந்து வரும்?

இதே கணக்கைக் கம்புக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிராம் கம்பில் ஆறு மில்லிகிராம் அளவுக்கு இரும்பு உண்டு. கேழ்வரகில் இரும்பு நாலு மில்லிகிராமுக்கு மேல்; எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தோ 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. வெள்ளை அரிசியில் அந்தச் சுண்ணாம்புச் சத்து பத்து மில்லிகிராம்கூட இருப்பது அரிது. மானாவாரிக் காட்டில் நம் பாட்டன் விதைத்த தானியம் இது. "கூழ் குடிக்கிற வீடு" என்று சொல்லிவிடுவார்களோ என்ற வெட்கத்தில் நாம் அதை விட்டோம். இப்போது நெடுஞ்சாலை ஓரத்தில் காரை நிறுத்திப் பட்டணத்துக்காரர்கள் கம்மங்கூழ் வாங்கிக் குடிக்கிறார்கள். 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபையே சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. கம்பு விளைந்த ஊரின் பிள்ளை மட்டும் காலையில் டீயும் வர்க்கியும் தின்றுவிட்டுப் போகிறது.

தீட்டிய அரிசியைப் பற்றிய எச்சரிக்கை புதிதல்ல. 1918ல் நீலகிரி மாவட்டம் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோய் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி சேர்ந்த சீக்கியர் உணவை உண்ட எலிகள் நன்றாக வளர்ந்தன. அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாண உணவை உண்ட எலிகள் கடைசி வரிசையில் நின்றன. அந்தக் குன்னூர் ஆய்வுக்கூடம்தான் 1958ல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. நூறு ஆண்டுக்கு முன் நம் மலையிலேயே சொன்ன சேதி இன்னும் நம் அடுப்படிக்கு வந்து சேரவில்லை.

இதில் நிலத்தின் பங்கும் உண்டு. இந்திய மண்ணில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் துத்தநாகம் போதவில்லை என்று மண் ஆய்வுகள் காட்டுகின்றன. தமிழகத்தில் நிலைமை இதைவிட மோசம். ஆண்டுக்காண்டு யூரியாவும் டிஏபியும் போட்டு, மூட்டை மூட்டையாக நெல்லை வெளியே அனுப்பினோம். தொழு உரமும் பசுந்தாளும் குறைந்தன. மண்ணில் துத்தநாகம் குறைந்தால் தானியத்திலும் குறையும். அதை உண்ணும் உடம்பிலும் குறையும். துத்தநாகம் குறைந்த பிள்ளை உயரம் கட்டாது, அடிக்கடி வயிற்றுப்போக்கும் சளியும் வரும், பசி எடுக்காது. ஆகவே கடைசி உழவில் ஏக்கருக்கு 10 கிலோ சிங்க் சல்பேட்டை 20 கிலோ மணலுடன் கலந்து நடவுக்கு முன் தூவுவது மூட்டைக் கணக்குக்காக மட்டும் அல்ல. டிஏபியோடு அதைக் கலக்கக் கூடாது என்பதை மறக்க வேண்டாம்.

துத்தநாகச் சத்து கூடுதலாக உள்ள டிஆர்ஆர் தான் 45 என்ற நெல் ரகம் 2016ல் வெளிவந்தது. இரும்புச் சத்து மிகுந்த தனசக்தி என்ற கம்பு ரகமும் உண்டு. இவற்றின் பெயரைக் கேட்ட விவசாயிகள் எத்தனை பேர்? நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை சாதாரண ரகம், சன்ன ரகம் என்ற இரண்டே வகையில்தான் அறிவிக்கப்படுகிறது. சத்துக்கு என்று தனி விலை கிடையாது. விலை இல்லாததை விவசாயி ஏன் விதைப்பான்? சத்து வேண்டும் என்று மேடையில் பேசும் அரசு, சத்துள்ள நெல்லுக்கு மூட்டைக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கட்டும். விதை தானாகப் பரவும்.

இப்போது நம் பக்கத்துக் குறையையும் நாம் பேசித்தான் ஆக வேண்டும்.

பால் கறந்ததும் சொசைட்டிக்குப் போகிறது. நாட்டுக்கோழி முட்டை நல்ல விலை என்று சந்தைக்குப் போகிறது. முருங்கைக் காய் மண்டிக்குப் போகிறது. கீரையை மாட்டுக்குப் போடுகிறோம். உளுந்தும் தட்டைப்பயறும் களத்திலேயே வியாபாரியிடம் போய்விடுகின்றன. விற்ற காசில் வீட்டுக்கு வருவது என்ன? பிஸ்கட் பாக்கெட், பொட்டலத் தின்பண்டம், கலர் தண்ணீர். சத்தை விற்றுச் சக்கையை வாங்குகிற வியாபாரம் இது. வேறு எந்தச் சரக்கிலாவது இப்படி ஒரு நட்டத்தை நாம் பொறுத்துக்கொள்வோமா?

"கடனைக் கட்ட வேண்டாமா? பால் காசு வந்தால்தானே சங்கத்துத் தவணை போகும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்குக் கையில் புரளும் காசு அந்தப் பாலும் முட்டையும்தான். எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் களத்தில் நெல் அளக்கும்போது கோயிலுக்கு ஒரு மரக்கால், ஏகாலிக்கு, நாவிதருக்கு, கூலிக்கு என்று முதலில் எடுத்து வைத்த பிறகுதான் வீட்டுக்கு அளந்தார்கள் நம் பெரியவர்கள். அந்த வழக்கப்படி பிள்ளைக்கு என்று ஒரு பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டு மீதியை விற்றால் என்ன? பத்து முட்டையில் இரண்டு, மூட்டைப் பயறில் இரண்டு படி. மகசூலில் இது ஒரு கழிவு அல்ல. விதைக்கு எடுத்து வைப்பது போல.

பால் குடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதும் தவறு. பால் நல்லது; சுண்ணாம்புச் சத்து தரும். ஆனால் பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு. டம்ளர் டம்ளராகப் பால் குடித்து வேறெதுவும் தின்னாத பிள்ளைக்கும் ரத்தசோகை வரும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். சுண்ணாம்பு மண்ணில் இரும்பு இருந்தும் பயிருக்குக் கிட்டாமல் போகிறதல்லவா? உடம்பிலும் அதே கதைதான். கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பில் சிறு பகுதிதான் ரத்தத்தில் சேரும். சாப்பாட்டோடு டீ குடித்தால் அதுவும் கெட்டது. டீயில் உள்ள துவர்ப்பு இரும்பைக் கட்டிப் போட்டுவிடும். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிக்கலாம். சிறு பிள்ளைக்கு டீயே வேண்டாம். மாறாக எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போன்ற புளிப்பும் வைட்டமின் சியும் உள்ளவை சேர்ந்தால் இரும்பு நன்றாக உடம்பில் ஒட்டும். கீரை மசியலில் சிறிது எலுமிச்சை பிழியலாம். பயறை ஊற வைத்து முளை கட்டினாலும், கேழ்வரகை முளை கட்டி அரைத்தாலும், மாவைப் புளிக்க வைத்தாலும் தானியத்தில் சத்தைப் பூட்டி வைத்திருக்கும் பொருள் குறைகிறது. நம் பாட்டி கூழைப் புளிக்க வைத்தது வெறும் ருசிக்காக மட்டும் அல்ல. பழைய இரும்புச் சட்டியைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடாதீர்கள். அதில் சமைத்தால் குழம்பில் கொஞ்சம் இரும்பு சேரும்.

மாலைக்கண் வராமல் காக்கும் வைட்டமின் ஏ நம் கொல்லையிலேயே இருக்கிறது. முருங்கைக்கீரை, அகத்தி, பொன்னாங்கண்ணி, மஞ்சள் பூசணி, பப்பாளி, மாம்பழம் எல்லாவற்றிலும் அதற்கான சத்து உண்டு. கீரையைச் சிறிது எண்ணெய் விட்டுச் செய்தால்தான் அது உடம்பில் சேரும்.

இதற்கு எவ்வளவு நிலம் வேண்டும்? ஒரு சென்ட் போதும். குளிக்கும் தண்ணீர், பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் இடத்தில் ஒரு முருங்கை, இரண்டு பப்பாளி, ஒரு எலுமிச்சை, ஒரு கொய்யா. வேலி ஓரம் அகத்தி. ஈரம் நிற்கும் ஓரத்தில் பொன்னாங்கண்ணி. சிறுகீரையையும் தண்டுக்கீரையையும் ஒரே நாளில் முழுப் பாத்தியிலும் விதைக்காமல், வாரம் ஒரு பாத்தியாக விதைத்தால் தொடர்ந்து பறிக்கலாம். விதைத்த நாலு வாரத்தில் சிறுகீரை கைக்கு வந்துவிடும். கூரைமேல் ஒரு பூசணிக் கொடி. வயல் வரப்பில் உளுந்தும் தட்டைப்பயறும். ஒன்றே ஒன்று: பருத்திக்கும் கத்தரிக்கும் மருந்து அடித்த கை விசைத் தெளிப்பானை இந்தப் பாத்திப் பக்கம் கொண்டுவர வேண்டாம்.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் போட வேண்டும் என்று மத்திய கல்வித் துறை 2019லேயே வழிமுறை வெளியிட்டது. பல ஊர்களில் நடப்பது என்ன? ஜூலையில் படம் எடுத்துப் போட்ட தோட்டம் ஜனவரியில் இருக்காது. வேலி இல்லாமல் ஆடு மேய்ந்துவிடும். கோடை விடுமுறையில் தண்ணீர் விட ஆள் இருக்காது. ஆசிரியர் பாடம் நடத்துவாரா, பாத்தி கட்டுவாரா? இந்த வேலை தெரிந்தவர்கள் நாம்தான். பள்ளியை ஒட்டி பம்பு செட் வைத்திருப்பவர் வாரம் இரண்டு முறை ஒரு மடை தண்ணீர் திருப்பிவிட்டால் அவர் பயிர் காய்ந்துவிடாது. ஒருவர் ஒரு வண்டி தொழு உரம் தரலாம். இன்னொருவர் முள் வேலி கட்டித் தரலாம். அந்தக் கீரையைத் தின்னப்போவது நம் பிள்ளைகள்தானே?

அரசிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. சத்துணவுக் கூடத்துக்கு வேண்டிய கீரையையும் காயையும் அந்தந்த ஊர்ச் சிறு விவசாயிகளிடமும் மகளிர் குழுக்களிடமும் வாங்கினால், சமைக்கும் அன்று காலையில் பறித்த கீரை கொப்பரைக்குப் போகும். விவசாயிக்கும் வாரம் நிச்சயமான ஒரு வரும்படி. இன்றைய காய்கறிச் செலவுத் தொகை விலைவாசிக்கு ஏற்ப உயர வேண்டும். வாரம் இரண்டு நாளாவது கம்பு, கேழ்வரகு, வரகு போன்ற ஊர்த் தானியம் தட்டில் வர வேண்டும். கிராம சபைக் கூட்டத்தில் தெரு விளக்கும் சாக்கடையும் பேசுகிறோம். சத்துணவுக் கூடத்துக்குக் கீரை எங்கிருந்து வருகிறது என்று ஒருவர் எழுந்து கேட்டாலே பாதி வேலை நடக்கும்.

உணவோடு வேறு சிலவும் சேர வேண்டும். பள்ளியில் வாரம் ஒரு முறை இரும்புச் சத்து மாத்திரை தருகிறார்கள். சிறு பிள்ளைகளுக்கு இளஞ்சிவப்பு, பெரிய பிள்ளைகளுக்கு நீலம். வயிற்றைப் புரட்டுகிறது என்று பிள்ளைகள் அதை வேலியில் எறிந்துவிடுகிறார்கள். சாப்பிட்ட பிறகு விழுங்கினால் அந்தத் தொல்லை குறையும். மலம் கறுப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தரும் பூச்சி மாத்திரையையும் தவற விடக் கூடாது. கொக்கிப் புழு காலின் வழியே ஏறிக் குடலில் ஒட்டி ரத்தத்தை உறிஞ்சும். கக்கூஸ் கட்டியும் காட்டுக்கே போவதும், செருப்பில்லாமல் நடப்பதும் இருக்கும் வரை எந்தக் கீரையும் போதாது. உப்பில் அயோடின் உள்ள உப்பாகப் பார்த்து வாங்க வேண்டும். உப்பு விளையும் நம் மாநிலத்தில் இது இன்னும் எல்லா வீட்டிலும் நடக்கவில்லை.

2021க்குப் பிறகு ரேஷனிலும் சத்துணவிலும் செறிவூட்டிய அரிசி வந்தபோது, மிதக்கிறது, நிறம் மாறியிருக்கிறது, பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிந்த வீடுகள் பல. அது பிளாஸ்டிக் அல்ல. அரிசி மாவில் இரும்பு, போலிக் அமிலம், பி 12 சேர்த்து அரிசி வடிவில் செய்து, 100க்கு 1 என்ற அளவில் கலந்தது. தலசீமியா போன்ற ரத்த நோய் உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனாலும் என் கருத்து இதுதான்: ஆலையில் தீட்டிச் சத்தை எடுத்துவிட்டு, இன்னொரு ஆலையில் அதைச் சேர்த்துத் தருவதை மட்டும் நம்பியிருப்பது விவசாய நாட்டுக்கு அழகல்ல. மருந்து மருந்தாக இருக்கட்டும். உணவு நம் நிலத்திலிருந்து வரட்டும்.

கடைசியாக ஒரு வார்த்தை. பல வீடுகளில் அப்பாவும் பையனும் சாப்பிட்ட பிறகு, சட்டியில் மிஞ்சியதைத்தான் அம்மாவும் பெண்ணும் சாப்பிடுகிறார்கள். கீரையும் முட்டையும் அதற்குள் தீர்ந்துவிடும். ஆண் பிள்ளைகளில் 18, பெண் பிள்ளைகளில் 40 என்று மேலே சொன்ன கணக்கில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. வயதுக்கு வரும் பருவத்தில் அவளுக்குத்தான் அதிகச் சத்து வேண்டும். நாளை தாயாகப் போகிறவள் அவள்தான். அவள் ரத்தம் வற்றியிருந்தால் பிறக்கும் பிள்ளையும் வற்றித்தான் பிறக்கும்.

நாற்றங்காலில் நோஞ்சானாக இருக்கும் நாற்றை நட்டு, பிறகு எத்தனை மூட்டை உரம் போட்டாலும் மகசூல் எடுக்க முடியாது என்பது நமக்குத் தெரியும். பிள்ளைப் பருவமும் நாற்றங்கால்தான். விவசாயப் பெருமக்கள் இந்த வாரம் ஒரு காரியம் செய்ய வேண்டும். வயலுக்குப் போகும் முன் உங்கள் பிள்ளையை வெளிச்சத்தில் நிறுத்தி, கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். வெளிறி இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று ரத்தம் பாருங்கள். வரும் வழியில் ஒரு முருங்கைப் போத்து ஒடித்து வந்து கொல்லையில் ஊன்றுங்கள்.